நீலப் பெட்டிக்கு அழாதவள்

கலா தன் மகனை இடுப்பிலிருந்து தரையில் இறக்கவில்லை. நேராகப் பால்வாடியில் எனக்குப் போட்டிருந்த மேசைமேல் நிறுத்தினார். என் மதிப்பீட்டுத் தாள்கள் அவன் காலடியில் போயின. நான்கு வயது விக்னேஷ் கைகளைக் கட்டிக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தப்பட்டவனைப் போல் நின்றான்.

“பேசுடா.”

அவன் பேசவில்லை.

“காலையிலேர்ந்து வாய மூடாம பேசுனியே, இப்ப பேசு. உனக்குப் பேச்சு வரலன்னு மேடம் எழுதிக் குடுத்திருக்காங்க. பேசுடா டேய்.”

விக்னேஷ் என்னைப் பார்த்தான். பிறகு என் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த நீலப் பெட்டியைப் பார்த்தான். இரண்டு உதடுகளையும் உள்ளே இழுத்து மடித்துக்கொண்டான்.

“மேடம், மாரியாத்தா சத்தியமா சொல்றேன். இவன் தொணதொணப்பு தாங்காமத்தான் நான் இவன பால்வாடிக்கே அனுப்புறேன். வூட்ல கரண்ட் நின்னாலும் இவன் வாய் நிக்காது. எங்க மாமியார வாடி போடின்றான். நேத்து எங்க வார்டு கவுன்சிலர் வண்டிய நிறுத்தி, ‘ரோடு போடுறன்னியே, எங்க?’ன்னு கேட்டுட்டான். எங்க வூட்டுக்காரர் அவரு கால்ல விழாத குறை. இவனப் போயி நீங்க…”

அவர் கையில் நான் அனுப்பிய சீட்டு இருந்தது. “விக்னேஷ், வயது 4. பேச்சு: இல்லை. காது, பேச்சுப் பரிசோதனை முகாமுக்கு அழைத்து வரவும்.” கீழே என் கையெழுத்து. அழகான கையெழுத்து என்று பள்ளியிலேயே பரிசு வாங்கியது.

“வீட்டில் பேசும் குழந்தை வெளியில் பேசாமல் இருப்பது உண்டு” என்றேன் நிதானமாக. நிதானமாகப் பேசுவது எங்கள் படிப்பில் ஒரு தனிப் பாடம்.

“ஒரு புள்ள அப்டி இருக்கும். எங்க தெருவுல மட்டும் ஒம்போது புள்ளைக்குச் சீட்டு வந்திருக்கு. ஒம்போதும் ஊமையா மேடம்?”



கவர்மென்ட் மாதிரி

போன வாரம் இந்தத் தொடரில் சிதம்பரம் மகளிர் விடுதியின் சாம்பாரைப் பற்றி நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அங்கே என் அறையில் இருந்த தோழி போன் செய்தாள். “சாம்பாரப் பத்தி எழுதுனது போதும். நீ என்ன வேலை பாத்தேன்னு எப்ப எழுதப் போற? கூடவே இருந்த எனக்கே அது தெரியாது” என்றாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மனநலத்தில் முதுநிலைப் பட்டமும் அதற்கு மேல் ஒரு பயிற்சியும் முடித்துவிட்டு, சிதம்பரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். கடலூர் வட்டாரத்துப் பால்வாடிகளுக்குப் போய், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் மனமும் பேச்சும் பழக்கமும் வயதுக்கேற்ப வளர்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. இதை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாததால் எல்லாரும் அவரவர் வசதிக்கு ஒரு வாக்கியம் வைத்திருந்தார்கள்.

என்னைப் பெண் கேட்டு வருகிறவர்களுக்காக அம்மாவிடம் மூன்று பதில்கள் இருந்தன. முதலில் “டாக்டர் மாதிரி” என்பார். மேலே கேட்டால் “டீச்சர் மாதிரி.” அதற்கும் மேலே கேட்டால் “கவர்மென்ட் மாதிரி.” ஒருமுறை நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மா விடாமல் கேட்டு உண்மையைக் கறந்துவிட்டார். “அஞ்சு வயசுப் புள்ளைக்கு ஏதும்மா மனசு? பசிக்கும், தூங்கும். அவ்ளோதான?” என்று கேட்டுவிட்டு, கேசரியை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையால் ஒரு நன்மை இருந்தது. அதில் ‘மனநலம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் காலை பஸ்ஸில் நிற்க இடமிருக்காது. ஆனால் அட்டை வெளியில் தெரியும்படி நின்றால் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் எனக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். சில நாள் பக்கத்து இடமும் காலியாகிவிடும். ஆலப்பாக்கம், பிறகு சிப்காட். சிப்காட் வந்ததைக் கண்டக்டர் சொல்ல வேண்டியதில்லை. காற்றில் ஒரு மருந்து நெடி வரும், தூங்குகிறவர்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டு தாங்களே எழுவார்கள். அடுத்தது முதுநகர். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குவேன்.

பெட்டி

பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிதம்பரம் மேலவீதியில் ஒரு பிளாஸ்டிக் கடையில் வாங்கினேன். மூன்று காரணங்கள்: மழையில் நனையாது, கைப்பிடி உறுதி, அட்டை வேலை செய்யாத நாளில் பஸ்ஸில் அதன்மேல் உட்காரலாம். கடைக்காரர் “இது ஐஸ் வெக்கிற பெட்டிம்மா” என்றார். பரவாயில்லை என்றேன். மரக்கட்டைகள், கோர்க்கும் மணிகள், வடிவப் பலகை, படச் சீட்டுகள், ஒரு துணிப் பொம்மை எல்லாம் உள்ளே கச்சிதமாக அடங்கின.

இதே மாதிரி நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வேறு யார் வருவார்கள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. என்னிடம் நிறையப் பட்டியல்கள் இருந்தன. அந்தக் கேள்வி ஒன்றிலும் இல்லை.

முதுநகரில் ரயில்வே ஜங்ஷனுக்குப் பின்னால் இருந்தது அந்தப் பால்வாடி. அகலப் பாதை போட்டு ரயில்கள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த புதிது. டீச்சர் பெயர் அமலா. சமைத்துப் போட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ராணி என்று ஓர் ஆயா. பிள்ளைகள் இருபது.

மூன்று முறை போனேன். மூன்று முறையும் பதினான்கு பிள்ளைகள் கைகட்டி, உதட்டை மடித்து, சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். படத்தைக் காட்டி “இது என்ன?” என்றால் பதில் இல்லை. “உன் பேர் என்ன?” பதில் இல்லை. இன்னும் ஐந்து பேர் நான் படி ஏறும்போதே அழ ஆரம்பித்து, இறங்கும்போதுதான் நிறுத்துவார்கள். அவர்களுக்கு மட்டும் ‘பேச்சு: உண்டு, அழுகையுடன்’ என்று எழுதினேன்.

அமலா டீச்சருக்கு என் வருகை மிகவும் பிடித்துப் போயிற்று. “நீங்க வர்ற அன்னிக்குத்தான் மேடம் எனக்கு நிம்மதி. ஒரு மாசத்து ரெஜிஸ்டர் எல்லாத்தயும் அன்னிக்கே எழுதி முடிச்சிடுறேன். வாரம் ரெண்டு தடவ வாங்களேன்” என்பார். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இருபதாவது பிள்ளை ஷாலினி. நான்கு வயது நிரம்ப இன்னும் சில மாதங்கள் இருந்தன. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டு ஓடிவந்து, பெட்டியின் மூடியை அவளே திறப்பாள். வடிவப் பலகையை நான் விளக்குவதற்கு முன்பே முடித்து நீட்டுவாள். அமலா டீச்சர் ஆட்டப் பாட்டு நடத்தும்போது முன்னால் நிற்பவள் அவள்தான். யானைக்குத் தும்பிக்கை, மயிலுக்குத் தோகை, எல்லாம் கச்சிதம். வாயை அகலத் திறந்து, தலையை ஆட்டி ஆட்டி… “நல்லா பேசுவாளா?” என்று கேட்டேன். “பாட்டுன்னா அவதான் மேடம் லீடரு” என்றார் அமலா. எழுதினேன்: ‘பேச்சு: வயதுக்கேற்ப. ஒத்துழைப்பு: முழுமை.’ சிவப்புப் பேனாவால் மூன்று நட்சத்திரம் போட்டு, நகல் ஒன்றை அவள் அம்மாவுக்குக் கொடுத்தனுப்பினேன். பயந்த முகங்களையே பார்த்துக் களைத்த எனக்கு அவள் ஒருத்திதான் ஆறுதல்.

சிதம்பரம் அலுவலகத்தில் என் மேலாளர் சுந்தரம் சார் அறிக்கையைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரே பால்வாடில பதினாலா? தண்ணியில ஏதாச்சும் இருக்கோ?” என்றார். உடனே வேலைகள் நடந்தன. காதையும் பேச்சையும் கருவி வைத்துச் சோதிக்கும் குழு ஒன்று வெளியூரிலிருந்து கடலூருக்கு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். அடுத்த வியாழன் முகாம். வேன் ஏற்பாடாயிற்று, பதினான்கு பெயர்களும் பதிவாயின.

இந்தப் பட்டியல் சாதாரணமானதல்ல. காது கேளாத குழந்தைக்கு அந்த வயதில் ஒரு வருடம் வீணானால், வீணானதுதான். பேச்சு முளைப்பதற்கு ஒரு பருவம் உண்டு. நாற்று முற்றிய பிறகு நட்டால் என்ன விளையும் என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் பட்டியலை நான் விளையாட்டாகப் போடவில்லை. மிகுந்த கவனத்தோடு, தப்பாகப் போட்டேன்.

முருங்கை மரத்தடியில்

மேசைமேல் விக்னேஷ் இன்னும் நின்றுகொண்டிருந்தான். கலாவே ஒரு வழி சொன்னார். என் காதருகே குனிந்து, “நீங்க பெட்டிய எடுத்துக்கினு பஸ்ஸுக்குப் போற மாதிரி போங்க. அப்டியே சுத்திக்கினு வந்து, பின்னால சமையக்கட்டு ஜன்னல்கிட்ட நில்லுங்க. அப்பறம் சொல்லுங்க யாருக்குப் பேச்சு வரலன்னு” என்றார்.

பிள்ளைகள் அறியாமல் அவர்களைக் கவனிப்பது எங்கள் படிப்பிலும் உண்டு. அதற்கு ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடி பொருத்திய அறை இருக்கும் என்று பாடப் புத்தகம் சொன்னது. முதுநகரில் அந்த அறை ஒரு முருங்கை மரத்தடியில் இருந்தது. மரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி இருக்கும் என்று பாடப் புத்தகம் சொல்லவில்லை. சென்று நின்ற இரண்டாவது நிமிடத்தில் என் கழுத்தில் ஒன்று விழுந்தது. சத்தம் போடாமல் தட்டிவிட்டேன். நிதானம்.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

“ஆயா, போயிட்டாங்களா?”

கணீரென்ற, கோயில் மணி மாதிரிக் குரல். விக்னேஷ்.

“போயிட்டாங்க” என்றார் ராணி ஆயா. “ஆனா சத்துமாவ கீழ சிந்துனீங்க, போன் போட்டுக் கூப்டுவேன். ஊசி அக்கா பஸ்ஸ நிறுத்தி எறங்கி ஓடியாந்து, ஆளுக்கு ரெண்டு ஊசி போட்டுட்டுப் போவாங்க.”

“எங்க ஆயா போடுவாங்க?”

“பேசுற புள்ளைக்கு நாக்குல. அழுற புள்ளைக்கு வேற எங்க?”

ஊசி அக்கா. தடுப்பூசி போட வரும் நர்ஸம்மா தோளில் தொங்கும் நீலப் பெட்டி என் கண்முன் வந்து நின்றது. அதே நீலம், அதே வெள்ளை மூடி. மடித்த பதினான்கு ஜோடி உதடுகளுக்கும் அர்த்தம் புரிந்தது. ஒவ்வொருவரும் ஒரு நாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் உள்ளே பேச்சுக் குறைபாடுள்ள பதினான்கு பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

“டேய் அது என் தட்டுடா!”

“டீச்சர், இவன் என் உருண்டைய நக்கிட்டான்.”

“நான் நக்கல, மோந்துதான் பாத்தேன்.”

“எங்கப்பா டிராக்டரு உங்கப்பா வண்டிய இடிச்சுத் தள்ளிடும், தெரிமா?”

“எங்கப்பா ரயிலு வாங்கப் போறாரே!”

சந்தைக் கடை தோற்றது. அந்த இரைச்சலுக்கு நடுவில் அமலா டீச்சர் வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிட்டார்.

“விக்னேஷ்.”

“உள்ளேன் டீச்சர்!” கோயில் மணி.

“ஷாலினி.”

“உள்ளேன் டீச்சர்.” அதே மணி, கொஞ்சம் மூக்கால்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஜன்னல் கம்பிக்கு இடையில் எட்டிப் பார்த்தேன். விக்னேஷ் முழங்கையால் ஷாலினியை இடித்தான். அவள் உடனே கையைத் தூக்கினாள். டீச்சர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கும்போது, தூக்கிய கையும் சிரித்த முகமுமாக ஷாலினி உட்கார்ந்திருந்தாள். நன்றாகப் பழகிய ஏற்பாடு.

என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

ஐந்தாவது வரி

எனக்குக் குழப்பம் வந்தால் பட்டியல் போடுவேன். கையில் கிடைத்த பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், மரத்தில் வைத்து எழுதினேன்.

1. பிள்ளைகள் இருபது பேர்.
2. இருபது பேரிடமும் ஆயா ஊசி அக்கா கதையைச் சொல்லியிருக்கிறார்.
3. பத்தொன்பது பேர் பயந்தார்கள்.
4. ஒருத்தி பயப்படவில்லை.
5. ஏன்?

கழுத்து எரிந்தது. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனேன். திடீரென்று என்னைப் பார்த்ததும் ராணி ஆயா கையிலிருந்த தட்டுகளை அப்படியே விட்டுவிட்டார். பத்துப் பன்னிரண்டு எவர்சில்வர் தட்டுகள், சிமெண்ட் தரை. பத்தொன்பது பிள்ளைகளும் உட்கார்ந்த இடத்திலேயே தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார்கள். அமலா டீச்சர் “இயேசுவே” என்றார்.

அறையின் மறுகோடியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஷாலினி, சத்துமாவு உருண்டையில் ஒட்டியிருந்த ஒரு தூசியை நிதானமாக எடுத்துப் போட்டாள். பிறகு எதிரில் இருந்தவர்களின் முகங்களைப் பார்த்தாள். அவர்கள் பார்த்த திசையில் திரும்பினாள். என்னைக் கண்டாள். சிரித்துக்கொண்டு பெட்டியைத் திறக்க ஓடிவந்தாள்.

அவள் பின்னால் நின்று கைதட்டினேன். பெயர் சொன்னேன். உரக்கச் சொன்னேன். கரண்டியால் தட்டைத் தட்டினேன். அவள் மணிகளைச் சிவப்பு, மஞ்சள் என்று பிரித்துக்கொண்டிருந்தாள்.

“அவ பாடுவாளே மேடம்!” என்றார் அமலா டீச்சர்.

“தனியாப் பாடச் சொல்லுங்க.”

டீச்சர் எதிரில் நின்று யானைப் பாட்டுக்குக் கையைத் தூக்கிக் காட்டினார். ஷாலினி எழுந்தாள். தும்பிக்கை வந்தது, காது வந்தது, அசைந்து நடக்கும் நடை வந்தது. வாய் அகலத் திறந்து மூடியது. “ஆ… ஆ…” என்று ஒரு மெல்லிய ஓசை மட்டும். அத்தனை நாளும் மற்றவர்களின் குரல்களுக்கு அடியில் அது இருந்திருக்கிறது.

அமலா டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். “ஒரு வருஷமா என் கண்ணு முன்னாடி மேடம்.”

“மூணு தடவை என் கண்ணு முன்னாடியும்தான்” என்றேன்.

ராணி ஆயாவிடம் இனிமேல் ஊசி என்ற சொல்லே கூடாது என்று சொன்னேன். அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். “அப்பறம் எதச் சொல்லி மேடம் இதுங்கள அடக்குறது? போலீஸுன்னா பயப்பட மாட்டேங்குதுங்க. இந்த விக்னேஷோட மாமனே போலீஸு. பேயின்னு சொன்னா, ‘எங்க, கூட்டிட்டு வா’ன்றான்.”

மூன்று நட்சத்திரம்

ஷாலினியின் அம்மா லூர்து, கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை பார்த்தார். அப்பா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அன்று மதியமே கடைக்குப் போனேன். பஸ்ஸில் என்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டேன். மொத்தம் ஏழு வாக்கியங்கள்.

ஆடித் தள்ளுபடி. கடையில் புடவைகளும் பெண்களும் மலைமலையாகக் கிடந்தார்கள். லூர்து என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

“வாங்க மேடம்! உங்க சீட்ட லேமினேஷன் போட்டு டிவி மேல வெச்சிருக்கேன், மாதா படத்துக்குப் பக்கத்துல. எங்க வூட்டுக்காரர் அத கம்பெனிக்கு எடுத்துனு போயி எல்லாருக்கும் காட்டிட்டாரு. மூணு ஸ்டாரு! எங்க சைடுல இதுவரைக்கும் யாரும் வாங்கனதில்ல.”

ஏழு வாக்கியங்களும் காணாமல் போயின.

“லூர்து, அந்தச் சீட்டு தப்பு.”

“யாரு சொன்னது?”

“நான்தான். நான் எழுதினது தப்பு. ஷாலினிக்குக் காது சரியாக் கேக்கலை.”

அவர் கையில் விரித்த புடவை அப்படியே நின்றது. “அவளுக்கா? நான் கூப்ட்டா ஓடியாருவாளே.”

“எப்படிக் கூப்பிடுவீங்க?”

“எப்டின்னா…” என்றார். அவரை அறியாமல் அவர் வலது கால் உயர்ந்து தரையில் இரண்டு தட்டுத் தட்டியது. இருவரும் அந்தக் காலைப் பார்த்தோம்.

“பேர் சொல்லிக் கூப்பிட்டா?”

“ஏம்மா, அந்த அரக்குக் கலரு எடுத்துப் போடும்மா!” என்றார் பக்கத்தில் ஒரு அம்மாள். லூர்து எடுத்துப் போட்டார். முந்தானையை விரித்துக் காட்டினார். திரும்ப மடிக்க ஆரம்பித்தார். மடிப்பு சரியாக வரவில்லை.

“பேரச் சொல்லிக் கூப்ட்டா திரும்ப மாட்டா. செல்லம் ஜாஸ்தியாப் போயி திமிருன்னு நெனச்சிக்கினேன் மேடம். ரெண்டு அடி கூட வெச்சிருக்கேன்.” மடித்ததை மறுபடி பிரித்தார். “அப்பறம் உங்க சீட்டு வந்துச்சு. சந்தேகமே போயிடுச்சு.”

கழுத்தில் கம்பளிப்பூச்சி பட்ட இடம் முழுக்கத் தடித்திருந்தது. எனக்கு இது தேவைதான் என்று நினைத்தேன்.

“வியாழக்கிழமை முகாம் இருக்கு. இத விட்டா அடுத்த வருஷம்தான். நீங்க கூட வரணும்.”

“ஆடில லீவு குடுக்க மாட்டாங்களே. அதோ நிக்கிறாரே, சூப்பர்வைசரு. போன வாரம் ஒருத்தி தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கே விடல.”

நான் சூப்பர்வைசரிடம் போனேன். மீசையைத் தடவிக்கொண்டு, “சீசன் டயத்துல யாருக்கும் லீவு கெடயாதும்மா” என்று தொடங்கியவர், என் அடையாள அட்டையைப் படித்தார். ஓரடி பின்னால் நகர்ந்தார். “அந்தப் பொண்ணுக்கு… ஏதாவது பிரச்சினையா?” என்றார் ரகசியமாக. நான் பதில் சொல்லாமல் அவரையே நிதானமாகப் பார்த்தேன். “ரெண்டு நாளா எடுத்துக்கச் சொல்லுங்க” என்றார்.

வேன்

பதினான்கு வீடுகளுக்கும் நடந்தே போய், சீட்டு தவறு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டிருந்தேன். வியாழன் காலை லூர்துவையும் ஷாலினியையும் மட்டும் எதிர்பார்த்துப் பால்வாடிக்குப் போனால், பதினான்கு தாய்மாரும் பிள்ளைகளும் பவுடர் போட்டுப் பூ வைத்து வாசலில் நின்றார்கள்.

“முகாம் வேணாம்னுதான சொன்னீங்க? வேன் வேணாம்னு சொல்லலியே” என்றார் கலா. முகாம் முடிந்ததும் வேன் சில்வர் பீச்சுக்குப் போகும் என்று ராணி ஆயா தெருவுக்கே வாக்குக் கொடுத்திருந்தார். முன் சீட்டில் அவரே உட்கார்ந்திருந்தார்.

அன்று பெட்டி எடுத்துப் போகவில்லை. பெட்டி இல்லாததால் பிள்ளைகள் யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. நான்கு முறை முகத்துக்கு முகம் பார்த்தவர்கள். விக்னேஷ் என் மடியிலேயே ஏறி உட்கார்ந்தான்.

“நீ யாரு?”

“அக்கா.”

“ஊசி அக்கா வந்தா நான் கடிச்சிடுவேன். நீயும் கடிக்கிறியா?”

“கடிக்கிறேன்” என்றேன்.

முகாமில் கருவியோடு உட்கார்ந்திருந்த இளம்பெண் என் பழைய பட்டியலை வாசித்தார். விக்னேஷ் அவரிடம், “இது போனா? ஏன் ஒயரு இவ்ளோ நீளம்? உங்கூரு எது? கல்யாணம் ஆயிடுச்சா?” என்று கேட்டான். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த காதுப் படத்தை ஆழ்ந்து படித்தேன்.

ஷாலினியின் முறை. காதுகளில் கருவியை மாட்டினார்கள். ஓசை கேட்கும்போது கையிலுள்ள கட்டையைக் கூடையில் போட வேண்டும். அவள் கட்டையைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல முகங்களைத் தேடினாள். இந்த முறை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. லூர்து சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றார். அந்தப் பெண் ஓசையைக் கூட்டினார், இன்னும் கூட்டினார். கட்டை கையிலேயே இருந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

ஷாலினியின் புருவம் உயர்ந்தது. யார் முகத்தையும் பார்க்காமல், தானாக, கட்டையைக் கூடையில் போட்டாள்.

“கேக்குறது கொஞ்சம் மிச்சம் இருக்கு” என்றார் அந்தப் பெண். “மெஷின் வெச்சுப் பழக்கினா பேச்சு வரும். நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க.”

லூர்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று அவர் எனக்கு நன்றி சொன்னதை இன்றுவரை நான் முழுதாக வாங்கிக்கொள்ளவில்லை.

மஞ்சப்பை

காதுக் கருவி வந்தது. லூர்து கடையில் மாலை நேர வேலைக்கு மாறி, வாரம் இருமுறை ஷாலினியைச் சிதம்பரத்தில் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்து வந்தார். முதல் சொல் ‘தா’. இரண்டாவது ‘போ’. மூன்றாவது, எதிர்வீட்டு விக்னேஷின் உபயத்தில், எழுத முடியாதது.

நான் நீலப் பெட்டியை விடுதிச் சமையலறைக்குக் கொடுத்துவிட்டு, ஒரு மஞ்சப்பைக்கு மாறினேன். இனி பிள்ளைகளை ஊசி சொல்லி மிரட்டுவதில்லை என்று ராணி ஆயா கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தார்.

ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலை பால்வாடி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ராணி ஆயாவின் குரல் வந்தது.

“எல்லாம் கம்முனு குந்துங்க! ஊசி அக்கா வர்றாங்க. இப்ப மஞ்சப்பையில வெச்சிருக்காங்க!”

கோபத்தோடு உள்ளே நுழைந்தேன். வாசலுக்கு நேரே, இரண்டு காதிலும் கருவியோடு ஷாலினி நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். இரண்டு உதடுகளையும் மெதுவாக உள்ளே இழுத்து மடித்தாள். பிறகு அது தாங்காமல் வாய் திறந்துகொண்டது.

“ஊச்சி வேணாம்! அக்கா போ! ஊச்சி வேணாம்!”

தெருவுக்கே கேட்கும் அழுகை. அமலா டீச்சரின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். விக்னேஷ் போய் அவள் தோளைத் தட்டினான். “அது ஊசி இல்லடி. வெறும் கட்டைதான். நான் எல்லாத்தயும் பாத்துட்டேன்” என்றான். அவள் நம்பவில்லை.

ராணி ஆயா நாக்கைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குள் மறைந்தார். அமலா டீச்சர் என்னைப் பார்த்தார். அவர் கண் நிறைந்திருந்தது. திட்டுவதற்காகத் திறந்த என் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் அழுகை அடங்கும்வரை வாசற்படியில் உட்கார்ந்து தாளை நிரப்பினேன். ‘பெயர்: ஷாலினி. கேட்டல்: உண்டு. பேச்சு: இரண்டு சொல் வாக்கியங்கள், தெளிவு. ஒத்துழைப்பு: சிறிதும் இல்லை.’

பையில் துழாவிச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். கடைசி வரிக்கு எதிரே மூன்று நட்சத்திரம் போட்டேன்.